தண்ணீர் போகும் வழி

பழைய ஜீப் வாங்க வருகிறவர்கள் பானட்டைத் தூக்கி நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டுக் கேட்பார்கள். நான் ஓட்டுநர் காலடியில் கிடக்கும் ரப்பர் பாயைத்தான் முதலில் தூக்குவேன். எஞ்சினுக்குப் பிஸ்டனும் ரிங்கும் இன்றும் கடையில் கிடைக்கின்றன. கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்துக் கோக்கத் தெரிந்த மெக்கானிக் எந்த ஊரிலும் ஒருவர் இருப்பார். தளத்தகடு அரித்துப்போன ஜீப்புக்கு அப்படிக் கடையில் வாங்கி மாட்டும் வைத்தியம் கிடையாது. அரித்ததை வெட்டி, புதுத் தகட்டை வளைத்து, பற்றவைத்து, மூடி எடுக்க வேண்டும். அந்த வேலையை நானே செய்யக் கற்றுக்கொண்டேன். இன்று எனக்கு அதைவிடப் பிடித்த வேலை வேறில்லை.

என்னுடையது மஹிந்திரா எம்.எம்.540. அந்த நிறுவனம் நாற்பதுகளின் இறுதியில் வில்லிஸ் ஜீப்புகளை உரிமம் பெற்று இங்கே பூட்டத் தொடங்கியது. பிறகு சி.ஜே.3பி என்ற உயர்ந்த பானட் கொண்ட மாடலைப் பல பத்தாண்டுகள் உருவாக்கியது. எண்பதுகளின் நடுவில் எம்.எம்.540 வந்தபோது அதில் 2112 சி.சி. பெஜோ டீசல் எஞ்சின் உட்கார்ந்தது. தட்டையான மட்கார்டு, மடக்கும் முன்கண்ணாடிச் சட்டம், பக்கம் திறந்த பாடி ஆகியவை போர்க்கால ஜீப்பிலிருந்து அப்படியே வந்த சொத்து. அந்தப் பாடியின் நல்ல குணங்களோடு அதன் நோய்களும் கூடவே வந்தன. அதனால்தான் வில்லிஸ் வைத்திருப்பவரும் நானும் சந்தித்தால் ஒரே இடங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருப்போம்.

எங்கள் பக்கம் ஜீப் இன்னும் உழைக்கிற வண்டி. போடிநாயக்கனூரிலும் கம்பத்திலும் விடியும் முன்பே ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக இடுக்கி மலைக்கு ஏறுகின்றன; மாலையில் இறங்குகின்றன. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகும் பாறைப் பாதையும் ஜீப்பை நம்பித்தான் இருக்கிறது. மேலே தென்மேற்குப் பருவமழை, கீழே மழைமறைவுப் பகுதியின் வெயில். காலையில் நனைந்து ஏறும் வண்டி மாலையில் சூட்டில் வந்து நிற்கும். வெளியே தெரியும் தகடு அரை மணியில் காய்ந்துவிடுகிறது. பாய்க்கு அடியிலும் சட்டங்களுக்கு உள்ளேயும் புகுந்த ஈரம் காய்வதே இல்லை; அங்கே சூடும் சேர்ந்துகொண்டு அரிப்பை விரைவாக்குகிறது. தோட்டத்து மண்ணில் பாதி இலைமக்கு. அது சேஸின் மூலைகளில் அப்பிக்கொண்டால் மழை நின்று வாரங்கள் கழித்தும் உள்ளே விரலை விட்டால் ஈரம் ஒட்டும்.

பாடி வேலை என்றால் பலருக்கும் தகடு ஒட்டுவதும் பெயின்ட் அடிப்பதும் நினைவுக்கு வருகின்றன. என் வரையில் அது தண்ணீரைப் பின்தொடரும் வேலை. தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே தங்குகிறது, எங்கே வெளியேற முடியாமல் நிற்கிறது என்று தெரிந்தபின் எடுக்கிற ஒவ்வொரு முடிவும் எளிதாகிவிடும். தெரியாமல் ஒட்டிய தகடு, எவ்வளவு அழகாக ஒட்டியிருந்தாலும், அடுத்த மழைக்காலத்துக்கு அரிக்கக் கொடுத்த புது இரும்புதான்.

ஜீப்பின் தளம் நேரான ஒற்றைத் தகடு இல்லை. அதன் அடியில் குறுக்காகச் சேனல்கள் ஓடுகின்றன. தளம், சேனல், அதன்கீழ் ரப்பர் புஷ், அதன்கீழ் சேஸ் என்று அடுக்கு. இரண்டாம் உலகப்போர்க் கால ஜீப்புகளில் இந்தச் சேனல்களுக்குள் மரத்துண்டுகளை வைத்து அடைத்திருந்தார்கள். போல்ட்டை முடுக்கும்போது சேனல் நசுங்காமல் இருக்க அந்த மரம் உதவியது. அதே மரம் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு சேனலை உள்ளிருந்தே தின்றும்விட்டது. போர்முனையில் சில ஆண்டுகள் ஓடினால் போதும் என்று கட்டிய வண்டிக்கு அது சரியான முடிவு. எண்பது ஆண்டு கழித்து அதை வைத்திருப்பவர்தான் அந்தக் கணக்கைத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

தளமும் சேனலும் சேரும் இடத்தில் இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, இடையிடையே புள்ளி வெல்டால் மட்டும் பிடித்திருக்கும். அந்த இடுக்கில் பெயின்ட் போகாது, தண்ணீர் போகும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். ஆகவே இடுக்கில் பிடித்த துரு தகடுகளைப் பிரித்துத் தள்ளுகிறது. தள்ளிய இடைவெளியில் மேலும் தண்ணீர். தளம் மேலே லேசாக உப்பியிருந்தால் கீழே சேனல் போய்விட்டது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

தேடுவதற்கு எனக்குப் பழைய ஸ்க்ரூடிரைவர் ஒன்றும் சின்னச் சுத்தியல் ஒன்றும் போதும். நல்ல தகடு தட்டினால் கணீரென்று பேசும்; துரு பிடித்தது மொத்தென்று ஒலிக்கும். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து அழுத்துவேன். துளை விழுந்துவிடுமே என்று பயந்து மெதுவாக அழுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அழுத்தினால் விழுகிற துளை ஏற்கெனவே விழுந்த துளைதான். பக்கவாட்டில் காந்தம் வைத்துப் பார்க்க வேண்டும். பள்ளத்தை நிரப்பும் பட்டியைத் தடிமனாக அப்பிய இடத்தில் காந்தம் பிடிக்காமல் நழுவும். புது பெயின்ட் மினுக்கும் ஜீப்பின் கீழ் ஓரமெல்லாம் காந்தம் நழுவினால் அந்த வண்டியின் வரலாறு தெரிந்துவிடும்.

வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை உண்டு. அவற்றில் எதையும் நான் தவிர்ப்பதில்லை. பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் வெல்டிங் மின்னோட்டம் ஆல்டர்னேட்டர் டயோடுகளைக் கெடுக்கக்கூடும். எரிபொருள் தொட்டியைக் கழற்றி வண்டியிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். வில்லிஸ் வழிவந்த பழைய ஜீப்புகளில் அது ஓட்டுநர் இருக்கைக்குக் கீழேயே இருக்கும். தீப்பொறி தெறிக்கிற இடமும் அதுதான். காலித் தொட்டி என்று மெத்தனமாக இருக்கக்கூடாது, உள்ளே நிற்கிற ஆவிதான் ஆபத்து. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் தீயணைப்பான் ஒன்றும் இருக்க வேண்டும்.

அடுத்தது அளவு. கதவே இல்லாத திறந்த பாடி, தளத்தை வெட்டியதும் நடுவில் தொய்ந்துவிடும். ஏறும் வாயில் இரண்டிலும் குறுக்காக ஆங்கிள் இரும்பை வைத்து நான்கு பொட்டு வெல்ட் அடித்துவிட்டு, மூலைவிட்ட அளவுகளை எடுத்துச் சாக்பீஸால் பாடியின்மேலேயே எழுதிவைப்பேன். வேலை முடிந்து அதே அளவு வந்தால்தான் ஆங்கிளை எடுப்பேன். ஒரே நேரத்தில் இரு பக்கமும் வெட்டமாட்டேன். ஒரு பக்கம் முழுதாக முடிந்து பாடி மறுபடி சேஸில் உட்கார்ந்த பிறகே மறுபக்கம்.

எவ்வளவு வெட்டுவது என்பதில் பலருக்கு மனம் வராது. சொத்தைப்பல்லை அடைக்கிற மருத்துவர் நல்ல பல் தெரியும்வரை குடைகிறாரே, அப்படித்தான் இதுவும். கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்த்துக்கொண்டே போய், இருபுறமும் வெள்ளையாக மின்னும் இரும்பு வந்தபின் அங்கிருந்து இன்னும் இரண்டு விரல் தள்ளித்தான் கோடு போடுவேன். மூலைகளைச் சதுரமாக வெட்டாமல் வளைத்து வெட்டுவது நல்லது. சதுர மூலையில் இழுவிசை குவியும். பாறைப் பாதையில் சேஸ் முறுக்கும்போது வெடிப்பு அங்கிருந்துதான் கிளம்பும்.

தகடு வாங்கும்போது கடைக்காரரே “அண்ணே, 16 கேஜ் போடுங்க, யானை மிதிச்சாலும் நிக்கும்” என்பார். நான் 18 கேஜ் சி.ஆர். ஷீட்டையே கேட்பேன். ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் தடிமன். பழைய தகட்டோடு ஒத்த தடிமன் இருந்தால்தான் இரண்டும் ஒரே வேகத்தில் உருகிச் சேரும். தடித்த தகட்டை ஒட்டினால் அது வளையாது. பக்கத்துப் பழைய தகடு மட்டும் வளைந்து வளைந்து வெல்டின் ஓரத்தில் கிழியும். ஜீப் தளத்தின் பலம் தடிமனில் இல்லை, அதில் அழுத்தியிருக்கும் வரிகளில் இருக்கிறது. புதுத் தகட்டிலும் அந்த வரிகளைக் கொண்டுவர வேண்டும். வரி இல்லாத தட்டைத் தகடு காலை வைத்ததும் டப்பென்று உள்ளே போய், எடுத்ததும் டப்பென்று வெளியே வரும். இரண்டு கட்டைகளுக்கு நடுவே தகட்டை வைத்து, உருளைக் கம்பியால் அடித்து வரி இறக்கலாம். நேரம் பிடிக்கும், காதும் வலிக்கும். ஆனால் கடைசி வரி இறங்கியதும் அந்தத் தகட்டைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தால் அது வேறு பொருளாகிவிட்டது தெரியும். நாலணாத் தகடு சட்டென்று விறைப்பாக நிற்கும்.

துருப்பிடிக்காது என்று துத்தநாகம் பூசிய ஜி.பி. ஷீட்டைச் சிலர் போடுகிறார்கள். வெல்ட் அடிக்கும்போது எழும் வெண்புகை காய்ச்சலைக் கொண்டுவரும். போட்டே ஆகவேண்டுமென்றால் ஓரங்களில் துத்தநாகத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில், அதற்கான முகமூடியோடு அடிக்க வேண்டும். வெல்ட் அடித்த இடத்தில் எப்படியும் பூச்சு எரிந்துபோகிறது. அரிப்பு தொடங்குவதும் அங்கேதான். எனக்கு ஜி.பி.யில் லாபம் தெரியவில்லை.

இனி ஒட்டும் முறை. ஓட்டையின்மேல் பெரிய தகட்டை வைத்துச் சுற்றிலும் வெல்ட் அடித்துவிட்டால் வேலை ஒரு மணியில் முடியும். பட்டறைகளில் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறார்கள், அவசர வேலைக்கு அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. ஆனால் மேல்தகட்டுக்கும் கீழ்த்தகட்டுக்கும் நடுவே ஒரு பை உண்டாகிவிடுகிறது. தண்ணீருக்கு நாமே கட்டிக்கொடுத்த வீடு அது. நான் ஓரத்தோடு ஓரம் பொருத்தியே ஒட்டுகிறேன். வெட்டிய ஓட்டையின் மேல் அட்டையை வைத்துப் படியெடுத்து, அதன்படி தகட்டை வெட்டி, அரத்தால் ராவி, சுற்றிலும் தகட்டின் தடிமன் அளவுக்கோ அதற்குக் குறைவாகவோ இடைவெளி வரும்வரை மறுபடி மறுபடி வைத்துப் பார்ப்பேன். பொருத்தம் சரியாக வந்துவிட்டால் வெல்டிங் எளிது. பொருத்தம் வராதபோது எவ்வளவு கைதேர்ந்தவராலும் நல்ல வெல்ட் போட முடியாது.

சி.ஓ.2 வெல்டிங்கில் நீளமாக இழுத்தால் மெல்லிய தகடு நெளியும். சூடு பட்ட இடம் விரியப் பார்க்கிறது. சுற்றியுள்ள குளிர்ந்த தகடு விடுவதில்லை. ஆறும்போது அந்த இடம் முன்பிருந்ததைவிடச் சுருங்குகிறது. நெளிவின் காரணம் இவ்வளவுதான். ஆகவே ஒரு பொட்டு இங்கே, அடுத்தது எதிர்ப்பக்கம், அடுத்தது இரண்டுக்கும் நடுவில் என்று தாவித் தாவி வைக்க வேண்டும். கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறவிட்டு அடுத்த பொட்டு. ஆறும் இடைவேளையில் வெல்டைக் கீழிருந்து டாலி என்ற கைக்கு அடங்கும் இரும்புக்கட்டியால் தாங்கி, மேலிருந்து சுத்தியலால் தட்டுவேன். டாலிக்கு நேர்மேலே அடித்தால் தகடு நீளும், வெல்ட் சுருக்கிய இடம் அதனால் தளரும். டாலியைச் சற்றுத் தள்ளிப் பிடித்து அடித்தால் மேடு இறங்கி மட்டமாகும். இந்த வித்தியாசத்தைக் கை கற்றுக்கொள்ள நாளாகும். கற்றபின் கண்ணைவிட உள்ளங்கைதான் மேடுபள்ளத்தை முதலில் சொல்லும். வேலை பழக்கிய மூத்த டிங்கர் ஒருவர் கையில் மெல்லிய துணியைச் சுற்றிக்கொண்டு தகட்டைத் தடவுவார். தோல் பிடிக்காமல் வழுக்கிப் போவதால் கண்ணுக்குத் தெரியாத பள்ளமும் அகப்படும். நானும் இன்றுவரை அப்படித்தான் தடவுகிறேன்.

சேனலின் உட்புறம், சேஸின் மூலை போன்ற வெட்ட முடியாத இடங்களில் உதிரும் துருவைச் சுரண்டிவிட்டு மிச்சத்தை மாற்ற வேண்டியிருக்கும். துரு மாற்றிகள் இருவகை. பாஸ்பாரிக் அமிலம் துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றுகிறது. டானிக் அமிலம் அதைக் கருநீலப் படலமாக்குகிறது. இரண்டாவதன் வேதியியல் நமக்குப் புதிதல்ல. கலம்காரித் துணியில் கறுப்பு வருவது கடுக்காயில் ஊறிய துணியும், வெல்லத்தோடு புளிக்கவைத்த இரும்புத் துருநீரும் சந்திப்பதால்தான். கடுக்காயின் டானினும் இரும்பும் சேர்ந்த அதே கறுப்பு என் சேஸ் மூலையில் பிரஷ்ஷின் பின்னாலேயே படர்வதைப் பார்க்கும்போது ஒவ்வொரு முறையும் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அது பூச்சு ஆகாது. அதன்மேல் பிரைமர் இல்லாவிட்டால் ஒரே மழையில் பழுப்பு திரும்பிவிடும்.

பிரைமரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ரெட் ஆக்சைடு அடித்துவிட்டு, மேல்பூச்சு பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். அது ஈரத்தை உள்ளே விடும். செங்காவி நிறத்துக்கு அடியில் துரு வந்தாலும் நிறவேறுபாடு தெரியாது. சுத்தமான இரும்பின்மேல் எபாக்ஸி பிரைமரும், இணைப்புகளில் சீலன்ட்டும், பட்டி தேவையென்றால் எபாக்ஸியின் மேலேயும் என்பது நான் வைத்திருக்கும் ஒழுங்கு. பட்டி ஈரம் உறிஞ்சும் பொருள், அதை வெறும் இரும்பின்மேல் அப்பக்கூடாது. இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் பட்டி கேட்கிற பள்ளம் மறுபடி சுத்தியலிடம் போக வேண்டிய பள்ளம்.

நிறத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. ராணுவத்தின் ஆலிவ் பச்சையை அடிக்கப் பழைய ஜீப் வைத்திருக்கும் எல்லாருக்கும் ஆசை. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-ஆம் விதிப்படி பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே அந்த நிறம். வேறு நிறத்துக்கு மாறினாலும் ஆர்.சி. புத்தகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். நான் வண்டி வந்தபோதிருந்த வெளிர்நிறத்தையே வைத்துக்கொண்டேன். துருவின் முதல் கசிவு அதில் சட்டென்று தெரியும்.

மாற்றங்கள் என்று வரும்போது என் கை கொஞ்சம் இறுகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் விலகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. முன்னால் மாட்டும் கனத்த இரும்புக் காப்புச் சட்டங்களும் இந்தப் பிரிவுக்கு எதிரானவை என்று மத்திய அரசு 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. 15 ஆண்டு கடந்த வண்டியின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கக் கொண்டுபோகும்போது இதெல்லாம் கண்ணில் படும்.

சட்டத்துக்கு அப்பாலும் எனக்குக் காரணங்கள் உண்டு. கமான் பட்டையின் முனையில் நீளமான ஷேக்கிள் போட்டு வண்டியை உயர்த்தினால் முன் அச்சின் சாய்வுக்கோணம் மாறி, நேர்ச்சாலையில் ஸ்டியரிங் அலையத் தொடங்கும். புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் கூடி அதன் கிராஸ் மூட்டு சீக்கிரம் தேயும். போடிமெட்டு வளைவுகளில் ஆட்களோடு இறங்குகிற வண்டிக்கு அந்த உயரம் தேவையே இல்லை. நல்ல கமான் பட்டையும் சரியான புஷ்ஷும் தருகிற ஏற்றம் போதும். ஹரியானாவின் மண்டி டப்வாலியில் புதுப் பாடியே செய்து, கேட்ட வடிவத்தில் ஜீப் கட்டித் தருகிறார்கள். அவர்கள் கைத்திறனை நான் மதிக்கிறேன். என்றாலும் தொழிற்சாலை அச்சில் வந்த பாடியில் போல்ட் துளைகளும் வளைவுகளும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்கிற விதம் எனக்குப் பெரிது. பாதித் தளம் நானே போட்டது என்றாலும் மீதியைக் காப்பாற்றவே விரும்புகிறேன்.

நான் செய்த மாற்றங்கள் எல்லாம் தண்ணீர் சம்பந்தப்பட்டவை. புதுத் தளத்தின் தாழ்ந்த மூலைகளில் துளையிட்டு, ஓரத்தைக் கீழ்நோக்கி மடித்து, ரப்பர் அடைப்பான் வைத்திருக்கிறேன். வண்டியைக் கழுவும்போது அடைப்பானை எடுத்துவிட்டால் தண்ணீர் தானே வடிந்துவிடும். சேனல்களின் இரு முனையையும் அடைக்காமல் விட்டிருக்கிறேன். ஒரு முனையில் குழாய் வைத்துப் பீய்ச்சினால் மறுமுனையில் மண் வெளியேறும். பாயைத் தளத்தில் ஒட்டவில்லை. அச்சுகளின் காற்றுத்துளையிலிருந்து குழாய் இழுத்துப் பாடிக்குள் உயரத்தில் கட்டியிருக்கிறேன். சூடான அச்சு ஓடைத் தண்ணீரில் இறங்கியதும் உள்காற்று சுருங்கித் தண்ணீரை இழுக்கும்; குழாய் மேலே இருந்தால் காற்றை மட்டும் இழுக்கும். எதைக் கூட்டினாலும் போல்ட்டில்தான் பிடித்திருக்கிறேன். வெல்ட் அடிக்காததால் அடுத்து இந்த வண்டியை வைத்திருக்கப்போகிறவர் ஸ்பானரை எடுத்துக் கழற்றிவிடலாம்.

மழை முடிந்ததும் சர்வீஸ் நிலையங்களில் பழைய எஞ்சின் ஆயிலை அடியெல்லாம் பீய்ச்சுகிறார்கள். அது ரப்பர் புஷ்ஷை ஊதவைக்கும், பிரேக் பக்கம் போனால் ஆபத்து, தோட்டத்து ஓடையிலும் போய்ச் சேரும். அதற்குப் பதிலாகச் சேனலுக்குள்ளும் சேஸ் பெட்டிக்குள்ளும் மெழுகுக் கலவையை நீளக் குழாய்முனையால் தெளிப்பதே என் வழக்கம். வெளிப்பக்கம் நல்ல தண்ணீரும் பிரஷ்ஷும் போதும்.

இப்போது முன்கண்ணாடிச் சட்டத்தின் அடிக்குழல் வேலை காத்திருக்கிறது. ரப்பர் பீடிங்குக்குக் கீழே இறங்கும் மழைநீர் அந்தக் குழலுக்குள் நிற்கிறது. பிணைச்சல் அருகே பெயின்ட் கொப்பளித்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றி, குழலின் அடியை நீளவாக்கில் திறந்து, உள்ளே சுத்தம் செய்து, புதுப் பட்டையில் நான்கு வடிதுளை போட்டு மூட வேண்டும். அட்டைப் படி வெட்டி வைத்துவிட்டேன். ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடுவேன்.